வகுப்பில் முதலாம் பிள்ளை

லண்டன் கிங்ஸ்பரியில், ஒரு பிள்ளை பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீட்டுக்குப் போன இடத்தில் கிருஷ்ணராசா ஒரு பொய் சொன்னார். பொய் சொல்லிப் பழகியவர் அல்ல அவர். சுப்பர்மார்க்கெட் பேக்கரியில் அதிகாலை ஷிப்ட் செய்கிறவர். இந்தப் பாண் இன்றையதா என்று யாராவது கேட்டால், நேற்றையதை நேற்றையது என்றே சொல்லி மனேஜரிடம் ஏச்சு வாங்குகிறவர். ஆனால் அன்று மண்டபத்தில் அவருக்கு எதிரே இருந்து சாப்பிட்டவர் ரதீசன், மனைவியின் அக்கா புருஷன். ரதீசனின் மகன் மிதுலன், கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் எடுக்கிற கிராமர் ஸ்கூலுக்கான சோதனை பாஸ் பண்ணியிருந்தான். அதே சோதனையை எழுதிய கிருஷ்ணராசாவின் மகள் தாரகா பாஸ் பண்ணவில்லை.

"அப்ப தாரகாவுக்கு எந்தப் பள்ளிக்கூடம்?" என்று ரதீசன் கேட்டார். அவர் குத்திக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் மேசையில் இருந்த எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள்.

கோலியர்ஸ் வுட்டில் அவர்களுடைய வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. யார் போனாலும் இடம் கொடுக்கிற சாதாரணப் பள்ளிக்கூடம். கூடப் படித்த அமாராவும் ஜோசியும் அங்கே போவதால் தாரகாவுக்கு அதில் மிகவும் சந்தோசம். அதைச் சொல்லத்தான் கிருஷ்ணராசா வாயைத் திறந்தார். "பிரைவேட்" என்ற சொல் வந்து விழுந்தது.

பக்கத்தில் வடையைப் பிய்த்துக்கொண்டிருந்த தாரகா நிமிர்ந்து தகப்பனைப் பார்த்தாள். பிறகு மறுபடி வடையைப் பார்த்தாள்.

கை கழுவப் போன இடத்தில் கோட்டும் சூட்டுமாக ஒருவர் டிஷ்யூவை நீட்டினார்.

"அண்ணை, நீங்கள் சொன்னது பொய்யில்லை," என்றார் அவர். "இன்னும் நடக்கேல்லை, அவ்வளவுதான்."

அவர் நவரத்தினம். கலியாணங்களுக்கும் சாமத்திய வீடுகளுக்கும் மணவறை வாடகைக்கு விடுகிற தொழில். அன்றைய மேடையில் இருந்த வெள்ளை யானைப் பொம்மைகளும் அவருடையவைதான். கொஞ்சக் காலமாக அவர் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அதிபராகவும் இருக்கிறார். ரோயல் ஹெரிடேஜ் அம்பிரெல்லா கொலிஜ் என்பது பெயர், சுருக்கமாகக் குடை. இந்த நாட்டில் பிள்ளையைப் பெற்றோரே வீட்டில் வைத்துப் படிப்பிக்கலாம், சட்டம் தடுக்காது. அப்படி வீடுகளில் படிக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் மேலே விரிக்கப்பட்ட ஒரே குடைதான் இந்தக் கொலிஜ் என்று நவரத்தினம் விளக்கினார். பள்ளிக்கூடம் என்றால் கட்டடம் என்று நினைப்பது பழைய ஆட்களின் பழக்கமாம். படிப்பிப்பது மட்டும் பெற்றோரின் வேலை, மற்றதெல்லாம் கொலிஜ் பார்த்துக்கொள்ளும் என்றார். படிப்பிப்பதைக் கழித்தால் மிச்சம் என்ன இருக்கும் என்ற கேள்வி கிருஷ்ணராசாவுக்குக் காரில் வரும்போதுதான் வந்தது.

மனைவி ஜெகதீஸ்வரி ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவள். நியாயம் தெரிந்தவள். ஆனாலும் அக்காவுக்கு முன்னால் தலை நிமிர்ந்து நிற்க ஆசை அவளுக்கும் இருந்தது. எதையாவது செய்யுங்கோ என்றாள். கிருஷ்ணராசா பள்ளிக்கூட இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். குடையில் வேறு யார் யார் படிக்கிறார்கள் என்று தாரகா ஒரு தரம் கேட்டாள். லண்டன் முழுக்க இருக்கினம் என்றார். அதற்குமேல் அவள் கேட்கவில்லை.

செப்டெம்பரில் கொலிஜ் தொடங்கியது. மஞ்சள் நூலில் குடை போட்ட அரக்கு நிற பிளேசர் வந்தது. அதோடு விதிகளும் வந்தன. கொலிஜ் நேரத்தில் வீட்டின் முன்னறை கொலிஜ் வளவாக, அதாவது பள்ளி வளாகமாக, கருதப்படும். அந்த நேரத்தில் தகப்பன் தகப்பன் அல்ல, சேர். மாணவி வீட்டுக்குள்ளிருந்து நேரே வகுப்புக்கு வரக்கூடாது, அது ஒழுங்கீனம். வாசலால் வெளியே போய், மணி அடித்த பிறகு மறுபடி உள்ளே வரவேண்டும்.

எனவே தினமும் காலையில் தாரகா பிளேசரும் டையுமாகத் தன் வீட்டு வாசலுக்கு வெளியே போய் நின்றாள். ஷிப்ட் முடிந்து புருவத்தில் மாவோடு ஓடிவரும் கிருஷ்ணராசா சாமித்தட்டில் இருந்த மணியை எடுத்து அடிப்பார். கதவைத் திறந்து, "குட் மோர்னிங் தாரகா" என்பார். "குட் மோர்னிங் சேர்" என்று அவள் உள்ளே வருவாள். மழை நாட்களில் தபால்காரர் அவளைப் பார்த்து, வீட்டுத் திறப்பை உள்ளே விட்டுவிட்டு வந்துவிட்டாயா என்று இரக்கத்தோடு கேட்பார். ஓம் என்பதுபோல அவள் தலையை ஆட்டுவாள்.

பிறகு கணினித் திரையில் காலைக் கூட்டம். சின்னச் சின்னக் கட்டங்களில் அரக்கு பிளேசர் போட்ட பிள்ளைகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் பின்னால் நித்திரை கலையாத ஒரு தாய் அல்லது தகப்பன். பிள்ளைகள் ஒருவரோடொருவர் கதைப்பதைத் தடுக்க எல்லோருடைய மைக்கும் அதிபரின் கட்டுப்பாட்டில் இருந்தது. கொலிஜ் கீதம் முடிந்ததும் நவரத்தினம் பேசுவார்.

"எங்கட கொலிஜிலை இண்டைவரைக்கும் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்கு அடிச்சதில்லை. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின்ரை பென்சிலை எடுத்ததில்லை. வகுப்பிலை கதைச்சுக் குழப்பின பிள்ளை எண்டு ஒண்டுகூட இல்லை. லண்டனிலை வேறை எந்தப் பள்ளிக்கூடம் இப்பிடி நெஞ்சை நிமித்திச் சொல்லேலும்?"

பெற்றோர் கைதட்டினார்கள். அவர்களுடைய மைக்கும் பூட்டியிருந்தபடியால் சத்தம் வரவில்லை.

கூட்டம் முடிந்தால் படிப்பு. கிருஷ்ணராசா மனச்சுத்தியோடுதான் தொடங்குவார். பின்னக் கணக்கை அரை றாத்தல் பாண், கால் றாத்தல் பாண் என்று விளக்கும்போதே நித்திரையில் நாடி நெஞ்சில் இறங்கிவிடும். அவர் கண் விழிக்கும்போது தாரகா தானாகவே கணக்குகளைச் செய்து முடித்து, தானாகவே திருத்தி, குறட்டைச் சத்தம் அதிபருக்குக் கேட்காமல், திறந்தபடியே இருக்கவேண்டிய கணினியை அடுத்த அறைக்குக் கொண்டுபோய் வைத்திருப்பாள். நேரமாச்சு சேர், மணி அடியுங்கோ என்று மெதுவாக எழுப்புவாள். அவளுடைய குரலில் கோபம் இருந்திருந்தால் கிருஷ்ணராசாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பெற்றோர் ஆசிரியர் சந்திப்பு நவம்பரில் நடந்தது. ஜெகதீஸ்வரி வேலையால் வந்த கையோடு தன் வீட்டு நடையில் கதிரை போட்டுக் காத்திருந்தாள். கூப்பிட்ட பிறகு முன்னறைக்கு வந்தாள். திரையில் நவரத்தினம் மேற்பார்வை செய்துகொண்டிருந்தார். தாரகாவுக்கு வகுப்பில் கலகலப்புப் போதாது, மற்றப் பிள்ளைகளோடு பழகுவது குறைவு என்று கிருஷ்ணராசா ஆசிரியராக வாசித்தார். தகப்பனும் கட்டாயம் சமூகமளிக்க வேண்டும் என்று அதிபர் நினைவூட்டினார். எனவே கிருஷ்ணராசா எழுந்து மனைவிக்குப் பக்கத்துக் கதிரையில் போய் இருந்து, தான் சற்றுமுன் சொன்ன குறைகளைக் கேட்டு வருந்தித் தலையாட்டினார். மீண்டும் எழுந்து வந்து, உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி என்றார்.

வகுப்பு ஆசிரியர் பாட நேரத்தில் நித்திரை கொள்கிறாராம், அதைப் பற்றி முறைப்பாடு செய்ய ஏலுமோ என்று ஜெகதீஸ்வரி கேட்டாள்.

"தாராளமாய் ஏலும், தங்கச்சி," என்றார் நவரத்தினம். "ஆனால் எந்த முறைப்பாடும் வகுப்பு ஆசிரியருக்கூடாகத்தான் வரவேணும்."

அன்று சமைக்கும்போது ஜெகதீஸ்வரி தேவைக்கு மேலாகவே வெங்காயம் வெட்டித் தள்ளினாள். மேலே தாரகாவின் அறையில் கதவு சாத்தியிருந்தது.

அடுத்த கிழமை காலைக் கூட்டத்தில் மாணவர்களின் கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கப்பட்டது. கொலிஜ் வரலாற்றில் அதுவே முதல் முறை. தாரகாவின் மைக்கை அதிபர் திறந்தார்.

"சேர், எங்களுக்கு எப்ப டீச்சர்ஸ் வருவினம்?" என்று அவள் கேட்டாள்.

கட்டங்களுக்குள் இருந்த பெற்றோர் எல்லோரும் கண்ணை வேறு பக்கம் திருப்பினார்கள். கொலிஜின் பெயருக்கு இழுக்கு ஏற்படுத்திய குற்றத்துக்காகத் தாரகா மறுநாள் இடைநிறுத்தப்பட்டாள். இடைநிறுத்தப்பட்ட மாணவி கொலிஜ் நேரத்தில் கொலிஜ் வளவுக்குள் நிற்கக்கூடாது, வீட்டில்தான் இருக்கவேண்டும். வீடுதான் வளவு என்று கிருஷ்ணராசா தொலைபேசியில் சொல்லிப் பார்த்தார். அது பெற்றோரின் பிரச்சினை என்று அதிபர் சொல்லிவிட்டார். ஜெகதீஸ்வரிக்கு அன்று பகல் முழுவதும் ஷிப்ட். கிருஷ்ணராசா மகளை நூலகத்தில் கொண்டுபோய் விட்டார். தானும் கூட இருந்திருக்கலாம். ஆனால் வகுப்பு நடக்கும் நேரத்தில் ஆசிரியர் வளவை விட்டு வெளியேறக்கூடாது என்றும் ஒரு விதி இருந்தது. அவர் திரும்பி வந்து, மணியடித்து, ஒருவரும் இல்லாத முன்னறையில் ஒருவரும் வரவில்லை என்று பதிந்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அன்று ஏனோ நித்திரை வரவில்லை.

பின்னேரம் கூட்டிவரப் போனபோது நூலகத்துக் கண்ணாடிக்கூடாகத் தாரகா தெரிந்தாள். அமாராவும் ஜோசியும் பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தார்கள். மூன்று பேரும் ஒரே புத்தகத்துக்கு மேலே கவிழ்ந்து, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். மகள் இப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று கிருஷ்ணராசா யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் அவரைக் கண்டுவிட்டாள். கண்டதும் பையைத் தூக்கி, பிளேசரில் குடை இருந்த இடத்தை மறைத்துக்கொண்டு எழுந்தாள்.

"அவையளுக்கு என்ன சொன்னனீ?" என்று வரும் வழியில் கேட்டார்.

"பிரைவேட் எண்டு."

மகளோடு சேர்ந்து நடக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு அடி பின்னால் நடந்தார்.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ரதீசனுக்கு என்ன சொல்வது என்ற கேள்வி அன்றும் அவரை நிறுத்தவிடவில்லை.

டிசெம்பரில் உள்ளூர்க் கவுன்சிலில் இருந்து ஒரு பெண்மணி போன் எடுத்தார். மிஸிஸ் ஹார்ட்லி என்று பெயர். வீட்டில் படிக்கும் பிள்ளைகளின் நலம் விசாரிப்பது அவருடைய வேலை. கவுன்சில் ஆட்கள் கேட்டால் கொலிஜ் என்ற சொல்லே வாயில் வரக்கூடாது, குடை என்பது ஒரு நட்பு வட்டம், அவ்வளவுதான் என்று நவரத்தினம் எல்லாப் பெற்றோருக்கும் முன்பே சொல்லிவைத்திருந்தார். கிருஷ்ணராசா அதைக் காப்பாற்றினார். ஆனால் பிள்ளை வெளியே வேறு பிள்ளைகளோடு சேருகிறாளா என்று மிஸிஸ் ஹார்ட்லி தன்மையாகக் கேட்டபோது, வருகிற சனிக்கிழமை சவுத்தாலில் ஒரு விழா இருக்கிறது, எல்லாப் பிள்ளைகளும் வருவார்கள் என்று சொல்லிவிட்டார். தானும் வந்து பார்க்கலாமா என்று அவர் கேட்டார். வரவேண்டாம் என்று சொல்லக் கிருஷ்ணராசாவுக்கு ஆங்கிலம் உடனே வரவில்லை.

அந்த விழா கொலிஜின் பரிசளிப்பு. மேடையில் அதே வெள்ளை யானைகள். மாப்பிள்ளை இருக்கிற பட்டுச் சிம்மாசனத்தில் அதிபர் இருந்தார். பெண் இருக்கிற சிம்மாசனத்தில் பரிசுக் கிண்ணங்கள் அடுக்கியிருந்தன. அக்கா குடும்பம் பார்க்கவேண்டும் என்று ஜெகதீஸ்வரி அவர்களையும் அழைத்திருந்தாள். ரதீசனும் மனைவியும் மிதுலனும் முன்வரிசையில் இருந்தார்கள்.

"இந்தக் கொலிஜிலை கடைசிப் பிள்ளை எண்டு ஒருத்தரும் இல்லை," என்று நவரத்தினம் முழங்கினார். "எங்கட பிள்ளையள் எல்லாரும் முதலாம் பிள்ளை. ஏனெண்டால் ஒரு வகுப்பிலை ஒரு பிள்ளைக்கு மேலை நாங்கள் வைக்கிறேல்லை. தரம் முக்கியம். மற்றப் பள்ளிக்கூடங்கள் படிப்பிச்சுப் போட்டுத்தான் பரிசு குடுக்குதுகள். நாங்கள் பெற்றாரை நம்பிக் குடுக்கிறம்."

ஒவ்வொரு வகுப்பின் முதலாம் பிள்ளையும் மேடைக்கு வந்தது. தாரகாவும் வந்து கிண்ணத்தை வாங்கினாள். ரதீசன் எழுந்து நின்று கைதட்டினார். அவர் மனதாரத் தட்டினார் என்பது கிருஷ்ணராசாவுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

அந்த நேரத்தில் மண்டபக் கதவைத் திறந்துகொண்டு கவுன்சில் அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி உள்ளே வந்தார். யாரோ ஓடிப்போய் அதிபரின் காதுக்குள் சொன்னார்கள். நவரத்தினம் ஒரு கணம்தான் தடுமாறினார். மைக்கை மாற்றிப் பிடித்து ஆங்கிலத்தில் தொடங்கினார். இங்கே பள்ளிக்கூடம் என்று ஒன்று இல்லை, இருந்ததும் இல்லை என்றார். நாங்கள் எல்லோரும் குடும்ப நண்பர்கள் என்றார். இன்று ஒரு பிள்ளையின் பிறந்தநாள் என்றார். கைக்கு எட்டிய தூரத்தில் நின்றது தாரகா. அவளை இழுத்து முன்னால் நிறுத்தினார்.

பெற்றோர் முதலில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவர் தொடங்க, மண்டபம் முழுவதும் ஹப்பி பேர்த்டே பாடியது. கிண்ணங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதலாம் பிள்ளைகள் எல்லாம் பாடின. ஜெகதீஸ்வரி பாடவில்லை. கிருஷ்ணராசாவின் வாய் அசைந்தது. அசைகிறது என்பது பாட்டின் நடுவில்தான் அவருக்கே தெரிந்தது.

"அவளுக்கு ஜூனிலைதானே பேர்த்டே?" என்று மிதுலன் கேட்டான். ரதீசன் அவனுடைய கையை அழுத்தினார். திரும்பிக் கிருஷ்ணராசாவை ஒரு தரம் பார்த்துவிட்டு உடனே கீழே பார்த்தார். ஏளனமாகப் பார்த்திருந்தால் பதிலுக்கு முறைத்திருக்கலாம். அவர் பார்த்தது இரக்கமாக.

மிஸிஸ் ஹார்ட்லி மேடைக்கு ஏறி, தாரகாவுக்கு முன்னால் குனிந்து, வாழ்த்துச் சொன்னார். இவர்கள் எல்லாம் உன்னுடைய நண்பர்களா என்று கேட்டார்.

தாரகா சபையில் தகப்பனைத் தேடினாள். கண்டுபிடித்தாள். பிறகு அந்தப் பெண்மணியின் பக்கம் திரும்பிச் சிரித்தாள். ஓம், எல்லோரும் நண்பர்கள் என்றாள் ஆங்கிலத்தில். பக்கத்தில் நின்ற பிள்ளையைக் காட்டி, இவள் அமாரா என்றாள். அடுத்தவளைக் காட்டி, இவள் ஜோசி என்றாள். சனிக்கிழமைகளில் நீந்தப் போவோம், ஒருநாள் ஜோசி கண்ணாடியைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டாள், மூன்று பேரும் மூழ்கித் தேடினோம் என்று சொல்லிக்கொண்டே போனாள். அன்றுதான் அவளை முதன்முதலாக நேரில் கண்ட அந்த இரண்டு பிள்ளைகளும் பேசாமல் தலையாட்டின. தட்டுத்தடங்கல் இல்லாமல், முகம் மலர்ந்து, நல்ல ஆங்கிலத்தில் அவள் சொன்னாள். தாரகா இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசிக் கிருஷ்ணராசா மாதக்கணக்காகக் கேட்டதில்லை.

குடை அவளுக்குக் கற்பித்தது இதைத்தான் என்பது அவருக்கு விளங்கியது. குடையும் அல்ல. அவளுடைய வகுப்பு ஆசிரியர் அவரைத் தவிர வேறு யாரும் இல்லையே.

அவர் எழுந்து மேடைக்குப் போனார். மிஸிஸ் ஹார்ட்லியிடம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார்: இன்றைக்குப் பிறந்தநாள் இல்லை. இந்தப் பிள்ளைகளை இவளுக்குத் தெரியாது. இவளுக்கு நல்ல ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது, நான்தான் வேண்டாம் என்றேன். வெட்கத்தில் வேண்டாம் என்றேன். இவள் பொய் சொல்கிற பிள்ளை இல்லை.

மைக் பக்கத்திலேயே இருந்தபடியால் அது மண்டபம் முழுவதும் கேட்டது.

தாரகா அழத் தொடங்கினாள். தகப்பன் தன்னைக் காப்பாற்றினார் என்று அவள் நினைக்கவில்லை. தான் இவ்வளவு நன்றாகச் செய்ததை அவர் கெடுத்துவிட்டார் என்றுதான் அழுதாள். காரில் ஏறிய பிறகு அதைச் சொன்னாள்.

"நான் உங்களுக்காகத்தானே அப்பா சொன்னனான்."

அன்று மாலையே கிருஷ்ணராசாவை ஆசிரியர் பதவியிலிருந்து நீக்கியிருப்பதாக அதிபர் அறிவித்தார். தாரகாவுக்குப் படிப்பிக்கும் தகுதி அவருக்கு இல்லை என்று கண்டுபிடிக்கப்பட்டதாம். கொலிஜ் எடுத்த முடிவுகளில் கிருஷ்ணராசா முழுமனதோடு ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். கவுன்சில் விசாரணைக்குப் பிறகு குடை மூடப்பட்டது என்று சிலர் சொன்னார்கள். உண்மையில் அது இப்போது பிறந்தநாள் விழாக் கழகம் என்ற பெயரில் நல்லபடியாக நடக்கிறது, பிளேசர் மட்டும் நீல நிறம்.

நடந்து போகிற தூரத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் உடனே கிடைக்கவில்லை. வேண்டாம் என்று விட்ட இடத்தில் வேறு பிள்ளை இருந்தது. மிஸிஸ் ஹார்ட்லி அலைந்து கேட்டதில் மார்ச் மாதம் ஒரு இடம் வந்தது.

முதல் நாள் காலை கிருஷ்ணராசா ஷிப்டிலிருந்து முன்னதாகவே ஓடிவந்து மகளோடு நடந்தார். பேக்கரி ஜாக்கெட்டைக் கழற்ற நேரம் இருக்கவில்லை. பள்ளிக்கூடத் தெருவுக்குத் திரும்புகிற மூலையில் தாரகா நின்றாள்.

"அப்பா, நீங்கள் இதிலையே நில்லுங்கோ."

"கேற் வரைக்கும் வாறனே."

"வேண்டாம். பிளீஸ்."

அவர் மூலையில் நின்றார். அவள் போனாள். கேற்றடியில் அமாரா ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். கூட நின்ற, கிருஷ்ணராசா அறியாத ஒரு பிள்ளை திரும்பி, மூலையில் நின்ற அவரைக் காட்டித் தாரகாவிடம் ஏதோ கேட்டது. தாரகாவும் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அந்தப் பிள்ளையிடம் சுருக்கமாக ஏதோ சொன்னாள். பிறகு மூவரும் உள்ளே போனார்கள்.

ஒரு சொல் போலத்தான் இருந்தது. அப்பா என்றாளா, வேறு யாரோ என்று பொய் சொன்னாளா, அவ்வளவு தூரத்துக்கு அது கேட்கவில்லை. கேற் சாத்தும்வரை கிருஷ்ணராசா அந்த இடத்திலேயே நின்றார்.